மூக்கில் நிற்காத நாலு தகடுகள்

டக்.

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. நகத்தை நகத்தால் சுண்டினால் கேட்குமே, அவ்வளவுதான். எனக்கு மட்டும் அது இடி விழுந்த மாதிரி இருந்தது.

மதிய நேரம். மொட்டைமாடி அறையில், தகரக் கூரைக்கு அடியில், ரசஞ்சோற்றுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, நான் கட்டிக்கொண்டிருந்த மர விமானத்தின் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் ஒட்டிய அலுமினியத் தகடு, என் கண் முன்னாலேயே, ஓரத்தில் ஓர் அரிசி உயரத்துக்குத் தூக்கிக்கொண்டது. அதே தகடு, மூன்றாவது தடவை.

எச்சில் கையோடு எழுந்துபோய்க் கட்டைவிரலால் அழுத்தினேன். அமுங்கியது. விரலை எடுத்தேன். மறுபடியும் டக்.

"சனியனே" என்றேன்.

சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றிருந்த என் மனைவி பத்மா, ஜன்னல் வழியாகத் தெரிந்த மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"கோயிலுக்கு நேரா குந்திகினு, சோத்து வேளையில இன்னா பேச்சு இது? சாப்ட்டு கை கழுவிகினு அப்பறமா அத்த இன்னா வேணா திட்டுங்க."

அந்தத் தகடு ஏன் நிற்கவில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் சரிசெய்ய முடியாமல் பதினைந்து நாள் பைத்தியக்காரன் மாதிரி மாடிக்கும் கீழுக்கும் நடந்தேன். இந்த வாரம் அந்தக் கதைதான்.

பறக்குமா?

இந்த வாரம்தான் இந்தப் பக்கத்துக்கு வந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் சாமி படங்களுக்குக் கண்ணாடியும் சட்டமும் போடுகிறவன். திருத்தணி மலைக்குப் போகிற சாலையில் சின்னக் கடை.

பல வருஷங்களுக்கு முன் மணவூரிலிருந்து ஒருவர் ஒரு போட்டோவைச் சட்டம் போடக் கொடுத்துவிட்டுப் போனார். இளம் வயதில் அவர், அரைக்கால் காக்கிச் சட்டையோடு, டகோட்டா என்கிற அந்தக் காலத்துப் பட்டாள விமானம் ஒன்றின் மூக்கில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார். ஏதோ மாட்டின் நெற்றியைத் தடவுகிற மாதிரி அந்தக் கை. சட்டம் போட்டு வைத்தேன். அவர் திரும்ப வரவே இல்லை. படம் என் கடைச் சுவரிலேயே தங்கிவிட்டது. ஒரு நாள் இதைக் கட்ட வேண்டும் என்று அதைப் பார்க்கும்போதெல்லாம் நினைப்பேன். நினைப்பதோடு சரி.

நிஜமாகவே கட்டத் தொடங்கியது, வீட்டில் ஒரு கல்யாணம் நின்ற பிறகு. கடையில் உட்கார முடியவில்லை. வருகிறவன் போகிறவன் எல்லாம் "உங்க பொண்ணு கல்யாணம் இன்னாச்சு?" என்று கேட்டால் மனுஷன் எப்படி உட்காருவான்? பகலிலேயே கடையைச் சாத்திவிட்டு மாடிக்கு வந்துவிடுவேன். அங்கேயும் உட்கார முடியாது. கைக்கு வேலை இல்லாவிட்டால் எனக்குக் கால் நடக்கும். கால் ஓய்ந்தால் வாய் யாரையாவது கடிக்கும்.

பெட்டியில் வாங்கி ஒட்டுகிற சமாச்சாரம் இல்லை இது. சட்டக் கட்டை மிச்சங்களை ஒட்டி, இழைத்து, நானே உடம்பு செய்தேன். ரக்கை நாலடி. பார்க்க வந்தவர்கள் எல்லாம் ஒரே கேள்விதான் கேட்டார்கள்.

"பறக்குமா?"

"பறக்காது."

"அப்ப எதுக்கு?"

அரக்கோணத்துப் பக்கமிருந்து நிஜ விமானம் அன்றாடம் தலைக்கு மேலே போகிற ஊரில், பறக்காத ஒன்றை வேலை மெனக்கெட்டுக் கட்டுகிறவனைப் பார்த்தால் அப்படித்தான் கேட்பார்கள். இத்தனை வருஷமாக சாமி படத்துக்குச் சட்டம் போடுகிறேன். இது வரம் கொடுக்குமா என்று ஒருத்தராவது கேட்டது உண்டா?

நாலு மாத மௌனம்

என் ஒரே பெண் சுகன்யா. கார் கதவுகளுக்குத் தகடு அடிக்கிற தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை. தகட்டில் மயிரளவு மேடு பள்ளம் இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு தடவியே சொல்லிவிடுவாள்.

பள்ளிப்பட்டில் மாப்பிள்ளை பார்த்தோம். கனகம்மாசத்திரத்தில் மண்டபம் பேசியாகிவிட்டது. பத்திரிகை அச்சுக்குப் போன அன்று அவள் வந்து என் எதிரே நின்று, "எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம் நைனா" என்றாள். புனேயில் இருக்கிற பெரிய தொழிற்சாலையில் அவளுக்கு மேலான இடம் ஒன்று வந்திருந்தது. அதை அந்தப் பையனிடம் சொன்னாளாம். அவன் சிரித்தானாம். கல்யாணத்துக்கு அப்புறம் உனக்கு எதற்கு வேலை என்றானாம்.

அவள் வேண்டாம் என்றதில் எனக்குக் கோபம் இல்லை. மலை மேல் இருக்கிறவன் சாட்சியாகச் சொல்கிறேன். அவன் சிரித்தான் என்றதும் எனக்கே பற்றிக்கொண்டுதான் வந்தது. ஆனால் அச்சுக்குப் போகிற வரைக்கும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே, அதுதான் நெஞ்சில் தைத்துவிட்டது. பெற்றவனுக்குக் கடைசியாகத்தான் தெரிய வேண்டுமா? "இனிமே உன் விஷயம் எதையும் என்கிட்ட கேக்காத" என்று சொல்லிவிட்டேன். அவளும் என் பெண்தானே. கேட்கவில்லை. நாலு மாதம்.

ஒரே வீட்டில், ஒரே கூடத்தில், மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிடுவோம். "அவருக்கு மோர் வேணுமா கேளும்மா" என்பாள் அவள். "வேணாம்னு சொல்லு" என்பேன் நான். பத்மா இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, மோரைத் தன் சோற்றிலேயே ஊற்றிக்கொள்வாள்.

இதற்குள் புனே போக நாள் வந்துவிட்டது. அடுத்த வியாழக்கிழமை ரயில். இப்படியே போய்விட்டாள் என்றால்? அங்கே நடுவில் நின்று சொல்லப் பத்மாவும் இருக்க மாட்டாள். நானே போய் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். வாய் வரவில்லை. வீம்பு, வேறொன்றும் இல்லை.

தகடு தேடி அலைந்தது

அந்தப் போட்டோவில் இருக்கிற டகோட்டாவுக்குப் பெயின்ட் கிடையாது. வெறும் அலுமினியம். உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு தகடும் ஒவ்வொரு வெளுப்பு; ஒன்று பால் மாதிரி, பக்கத்துத் தகடு மழை நாள் வானம் மாதிரி. அது வர வேண்டும் எனக்கு.

முதலில் பிளாஸ்டிக் அட்டை ஒட்டி வெள்ளி பெயின்ட் அடித்தேன். திருவிழாக் கடையில் தொங்குகிற பொம்மை மாதிரி ஆகிவிட்டது. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாலேயே பிய்த்துப் போட்டேன்.

அப்புறம் சப்பாத்தி சுற்றுகிற ஃபாயில். ஒட்டும்போதே சுருக்கம் விழுகிறது. நகம் பட்டால் பள்ளம். அதை வழித்தெடுக்க ஒரு நாள் போனது.

கூல்டிரிங்க்ஸ் டின்னை வெட்டி விரித்தேன். விரித்ததும் சுருண்டது. தலைகீழாக உருட்டினேன், கட்டையால் தேய்த்தேன், மேலே அம்மிக்கல்லை வைத்தேன். கல்லை எடுத்ததும் சுருண்டது. நாய் வால் கதைதான்.

ஏசி குழாய்களுக்கு ஒட்டுகிற அலுமினிய டேப் ரொம்ப அழகாக வந்தது. நான்கு நாள் நானே அதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தேன். ஐந்தாம் நாள் தகரக் கூரையின் சூட்டில் பசை இளகி, ஓரமெல்லாம் கசிந்து, பறக்கிற தூசி அத்தனையும் அதில் ஒட்டிக்கொண்டது.

மலையடிவாரத்தில் வேண்டுதலுக்கு விற்பார்களே, கண், கை, கால் உருவம் பதித்த தகடு, அதிலும் இரண்டு வாங்கி வந்தேன். மெல்லிசு, நன்றாக வளைகிறது. பத்மா பார்த்துவிட்டாள்.

"சாமிக்குன்னு செஞ்சத பிளேனுக்கு ஒட்டுவாரா ஒரு மனுஷன்?" என்று பிடுங்கிக்கொண்டு போய் உண்டியலில் சேர்த்துவிட்டு வந்தாள். அவள் சொன்னது நியாயம்தான். அன்றைக்கு அதை ஒத்துக்கொள்ளாமல் கத்தினேன்.

கடைசியில் வழி காட்டியவன் முனிரத்தினம். என்னோடு படித்தவன், ஆஃப்செட் அச்சகம் வைத்திருக்கிறான். ஆஃப்செட்டில் எழுத்து முதலில் ஏறுவது ஓர் அலுமினியத் தகட்டில். வேலை முடிந்தால் அந்தத் தகடு பழைய இரும்புக் கடைக்குப் போகும். போஸ்டர் அடிக்கிற தகடு தடிமன், எனக்கு ஆகாது. பத்திரிகை அடிக்கிற சின்ன மெஷின் தகடு விசிட்டிங் கார்டை விட மெல்லிசு. எழுத்து இருக்கிற பக்கம் லேசாகச் சொரசொரக்கும். அதில் ரப்பர் பசை நன்றாகக் கவ்வும். மறுபக்கம் வழவழப்பு. எழுத்தை உள்ளே வைத்து ஒட்டினால் வெளியே சாட்சாத் விமானம். துண்டுகளைக் குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று என்று வெட்டி ஒட்டினால், வெளிச்சத்தில் ஒவ்வொன்றும் வேறு வேறு வெளுப்பாகத் தெரிகிறது.

"எடுத்துகினு போபா. காயலான் கடைக்காரனுக்குப் போறது உனக்குப் போவட்டும்" என்று ஒரு கட்டுத் தகட்டையே தூக்கிக் கொடுத்தான்.

ஒரு சங்கடம் இருக்கிறது. அந்தத் தகடு விறைப்பு. வளைவான இடத்தில் படிய வேண்டுமென்றால் சூடு காட்டி இளக்க வேண்டும். துணி சோப்பைத் தகட்டின் மேல் தேய்த்துத் தீயில் காட்ட வேண்டும். சோப்பு கருத்த நொடியில் எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் தகடு தொங்கி ஓட்டை விழும். என் முதல் துண்டு அப்படித்தான் ஓட்டை விழுந்தது. அது எந்தத் துண்டு என்பதைப் பிறகு சொல்கிறேன். பக்குவமாக இளகிய தகடு சொன்ன பேச்சைக் கேட்கும். விரலால் நீவினாலே கட்டையோடு படியும். அப்புறம் பத்மா துணியில் குறி போடுகிற பல்சக்கரத்தை ஓரமாக உருட்டினால், வரிசையாக ஆணி அடித்த மாதிரி வந்துவிடும். அந்தச் சக்கரத்துக்காக நடந்த சண்டை தனிக் கதை.

கட்டுக்குள் இருந்தது

முனிரத்தினம் கொடுத்த கட்டைப் பிரித்தேன். யார் வீட்டுக் காதணி விழாவோ, ஒரு உரக்கடை பில் புக், ஒரு பள்ளிக்கூட மார்க் அட்டை. அதற்கெல்லாம் அடியில், ஒரு கீறல்கூட இல்லாமல், என் பெண்ணின் கல்யாணப் பத்திரிகை.

அச்சை நிறுத்தச் சொன்னோம், நிறுத்தினான். தகட்டை யார் நினைத்தார்கள்? ஒரு தாளில் நாலு பத்திரிகை வருகிற மாதிரி, ஒரே தகட்டில் நாலு முறை இருந்தது. நாலு சுகன்யா, நாலு மாப்பிள்ளை. நாலு முறையும் கீழே, தங்கள் நல்வரவை விரும்பும் என்று என் பெயர்.

முனிரத்தினத்துக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

"ஐயோ, அது எப்டி அதுல வந்துச்சோ தெரிலபா. குட்த்துடு, நானே போட்டுடறேன்" என்றான்.

எங்கே போடுவான்? காயலான் கடையில். அவர்கள் எங்கே போடுவார்கள்? உலையில். தர முடியாது என்று போனை வைத்துவிட்டேன்.

கட்டில் இருந்ததிலேயே அதுதான் நல்ல தகடு. விமானத்தின் மூக்கு, எல்லாரும் முதலில் பார்க்கிற இடம். அவள் பெயர் வந்த நாலு துண்டையும் மூக்கின் அளவுக்கு வெட்டினேன். சோப்பைக் கையில் எடுத்தேன். முடியவில்லை.

நல்ல காரியத்துக்குக் காகிதத்தின் மூலையில் மஞ்சள் தடவுகிறவர்கள் நாம். கருப்பு எதற்கு என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். என் பெண் பெயரை நானே தீயில் காட்டி, கருத்துவிட்டதா என்று குனிந்து பார்த்துக்கொண்டு நிற்பதா? மூட நம்பிக்கை என்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். அவரவர் பிள்ளை பெயரை எழுதித் தீயில் காட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் பேசட்டும்.

சூடு காட்டாமலே ஒட்டினேன். விறைப்போடு. மதிய வெயில் ஏறியதும் டக்.

வேறு தகடு போட்டிருக்கலாமே என்பீர்கள். போட்டிருக்கலாம். ஆனால் அவள் பெயர் அங்கேதான் இருக்க வேண்டும் என்று எனக்குள் ஒரு பிடிவாதம் விழுந்துவிட்டது. பேசத்தான் துப்பில்லை, யாருக்கும் தெரியாமல் இதிலாவது வைத்துக்கொள்வோம் என்று நினைத்தேன். அதைத் திருப்பித் திருப்பி ஒட்டினேன். அது திருப்பித் திருப்பித் தூக்கியது. வியாழக்கிழமை கிட்டே வந்துகொண்டிருந்தது.

கிருத்திகை

அந்த வாரத்தில் கிருத்திகை வந்தது. பத்மா விடிந்ததும் குளித்துவிட்டு மலைப் படியேறக் கிளம்பிவிட்டாள். வீட்டில் நானும் சுகன்யாவும். நடுவில் சொல்ல ஆள் இல்லை.

துவைத்த துணியைக் காயப்போட சுகன்யா மாடிக்கு வந்தாள். நான் பசை டப்பாவைத் துடைக்கிற மாதிரி துடைத்துக்கொண்டிருந்தேன். துணியைப் போட்டுவிட்டுப் போகிறவள், அறை வாசலில் நின்றாள். பழக்க தோஷம், தகட்டைப் பார்த்தால் அவளால் சும்மா போக முடியாது. உள்ளே வந்து வாலிலிருந்து தடவிக்கொண்டே போனாள். மூக்குக்கு வந்ததும் விரல் நின்றது. ஒரு அழுத்து அழுத்திவிட்டாள். டக்.

"இந்த நாலு மட்டும் ஸ்பிரிங் அடிக்குதே" என்றாள். என்னிடம் இல்லை, விமானத்திடம்.

நானும் விமானத்தைப் பார்த்தே, "ஆங்" என்றேன்.

"வாலு, ரக்கை எல்லாம் அழகா படிஞ்சிகீது. இத்த மட்டும் சூடு காட்டலியா?"

நான் பசை டப்பாவை மறுபடியும் துடைத்தேன்.

"சூடு காட்டாம வளைவுல வச்சா நிக்காது. இன்னா பசை போட்டாலும் நிக்காது."

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா ஏன் காட்டல?"

நான் எழுவதற்குள் நகத்தைக் கொடுத்து அந்தத் தகட்டைப் பிரித்துவிட்டாள். பசை இழுபட்டு வந்தது. அதைத் திருப்பி வாசல் வெளிச்சத்தில் பிடித்தாள். படித்தாள். அடுத்ததைப் பிரித்தாள். அடுத்தது. நாலையும் பிரித்து மேஜையில் வரிசையாக வைத்தாள். நாலிலும் அவள் பெயர்.

"தின்னர் போட்டு அழிச்சிட்டு காட்டியிருக்கலாமே நைனா."

நைனா என்று கேட்டு நாலு மாதம் ஆகியிருந்தது.

"அழிக்கவும் மனசு வரல" என்றேன்.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்து ஈரத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் அந்தத் தரம் பார்க்கிற புத்தி வேலை செய்தது.

"என் பேரு நாலு கீதுன்னா, அவன் பேரும் நாலு இருக்கணுமே. அது எங்க?"

"மூணு வால்ல கீது."

"சூடு காட்டினியா?"

"ஆங்."

"நாலாவது?"

"அத்ததான் மொத மொதல்ல காட்டினேன். ஓட்டை வுழுந்துபூடுச்சு."

"தெரியாம வுழுந்துச்சா?"

ஆமாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "சோப்பு கருத்துச்சு. தெரிஞ்சுது. எடுக்கல" என்றேன்.

சிரித்தாள். துண்டை வாயில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணில் தண்ணீர்.

"அப்ப கோவம் இல்லியா?"

"கீது. ஏன் என்கிட்ட கடைசியா சொன்ன?"

"நீ மண்டபம், சமையல்னு அவ்ளோ சந்தோஷமா சுத்திகினு இருந்த. நாளைக்கு சொல்லலாம், நாளைக்கு சொல்லலாம்னு தள்ளிகினே போச்சு. பயந்துட்டேன் நைனா."

இவ்வளவுதான். இதற்குத்தான் நாலு மாதம்.

அவளே எழுந்து சோப்பை எடுத்தாள். தன் பெயரின் மேல் அழுத்தித் தேய்த்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"திரும்பு நைனா. எப்ப எடுக்கணும்னு நீதான் சொல்லணும். எனக்கு அந்தப் பக்குவம் தெரியாது."

திரும்பினேன். இடுக்கியில் பிடித்து ஸ்டவ் தீயில் காட்டினாள். சோப்பு மஞ்சளானது, பழுப்பானது, கருத்தது. "போதும்" என்றேன். எடுத்தாள். இப்படி மூன்று. நாலாவதைச் சோப்பு தேய்த்து என் கையில் கொடுத்தாள்.

"இது நீ காட்டு. எனக்கு ஒண்ணும் ஆவாது."

தீயில் எழுத்து தெரிந்தது, அப்புறம் தெரியவில்லை. எனக்குக் கண் மறைத்துவிட்டது. "போதும் நைனா, எடு" என்று அவள்தான் சொன்னாள்.

நாலையும் ஒட்டினோம். அவள் நீவினாள், நான் பல்சக்கரம் உருட்டினேன். வெயில் ஏறுகிற நேரத்துக்கு இரண்டு பேரும் மூக்கின் எதிரே உட்கார்ந்தோம். பத்மா விபூதியும் பிரசாதமுமாக ஏறி வந்து, "இன்னா நடக்குது இங்க?" என்றாள்.

"சத்தம் போடாதம்மா" என்றாள் சுகன்யா.

மூன்று பேரும் காதைக் கொடுத்துக்கொண்டு இருந்தோம். கூரைத் தகரம் முறுக்கிச் சத்தம் போட்டது. மூக்கு போடவில்லை.

வியாழக்கிழமை ரயில் ஏறினாள். இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் அங்கிருந்து போன் செய்கிறாள், சரியாக மதிய வெயிலுக்கு.

"தூக்குச்சா?"

"இல்ல."

"கீழ குந்திகினே சொல்லாத. மேல போய் தொட்டுப் பாத்து சொல்லு."

போனைக் காதில் வைத்தபடி படியேறுவேன். கையை மூக்கின் மேல் வைப்பேன்.

"சுடுது" என்பேன். "ஆனா நிக்குது."